பாரீஸ்ல எங்க படுப்பீங்க?

திருக்கனூர் பஸ்ல அடிக்கடி போறவங்களுக்கு இந்த விளையாட்டு நல்லாத் தெரியும். புதுச்சேரியில ஏறுவோம். கொஞ்ச தூரத்துல தமிழ்நாடு வரும். அப்புறம் மறுபடியும் புதுச்சேரி. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆனா பெட்ரோல் விலை மாறுறதை வச்சே எந்த மாநிலத்துல இருக்கோம்னு சொல்லிடலாம். மண்ணாடிப்பட்டு கொம்யூன்ல பொறந்து வளர்ந்தவங்களுக்கு 'கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை' என்பது எல்.கே.ஜி. பாடம்!

அந்தப் பாடம் அப்படியே செல்லுபடியாகிற இன்னொரு ஊர் பாரீஸ். நகரத்தைச் சுத்தி 'பெரிஃபெரிக்'னு ஒரு வட்டச் சாலை இருக்கு. சுமார் 35 கிலோமீட்டர். 1973-ல் கட்டி முடித்தது. அதுக்கு உள்ளே இருந்தா பாரீஸ். தாண்டி ஒரு அடி வச்சா 'பான்லியூ', அதாவது புறநகர். ரூம் வாடகை, காபி விலை, ஓட்டல் கட்டணம் எல்லாமே அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஏறி இறங்கும்.

"அதெல்லாம் எனக்கெதுக்கு பாஸ், நான் எங்க பாரீஸ் போகப் போறேன்?"னு கேட்காதீங்க. மதகடிப்பட்டு இன்ஜினீயரிங் காலேஜ்ல இருந்து ஒரு கான்ஃபரன்ஸுக்குப் பேப்பர் செலக்ட் ஆகலாம். அலியான்ஸ் பிரான்சேஸ்ல பிரெஞ்சு படிக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு சம்மர் கோர்ஸ் கிடைக்கலாம். சித்தப்பா பொண்ணுக்கு அங்கே கல்யாணம் வைக்கலாம். டிக்கெட்டுக்குக் காசு எப்படியோ தேறிடும். விசாவுக்கும் வழி பிறந்திடும். அடுத்து வர்றதுதான் கஷ்டமான கேள்வி... ராத்திரி எங்க படுக்கிறது?

நம்ம பக்கத்துல இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. "மாமா அங்கதானே இருக்காரு!"

மாமா வீடும் மேரி பேப்பரும்

நம்ம ஊர்ல விசாரிச்சா, நேரா இல்லாட்டியும் சுத்தி வளைச்சாவது யாராவது ஒருத்தருக்கு பிரான்ஸ்ல சொந்தம் இருக்கும். காரணம் பழசு. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஆனா ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அப்போ பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்கிறவங்க எழுதிக் கொடுக்க ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க. எழுதிக் கொடுத்த குடும்பங்களோட பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்னைக்கு சார்செல், கார்ழ், லா கூர்னவ்னு பாரீஸுக்கு வடக்கே இருக்கிற ஊர்கள்ல இருக்காங்க.

அந்த மாமா லீவுக்கு வரும்போது செண்ட் பாட்டில், சாக்லேட், சீஸ்னு ரெண்டு பெட்டி நிறைய கொண்டு வர்றார். அதைப் பார்த்துட்டு நாம மனசுக்குள்ள அவருக்கு ஒரு பங்களா கட்டிடறோம். நிஜத்துல பெரும்பாலும் அது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல 'ரெண்டு பியேஸ்' வீடு. ரெண்டு பெட்ரூம்னு நினைச்சிடாதீங்க. ஹாலையும் சேர்த்துத்தான் ரெண்டு! பாத்ரூம் ஒண்ணு. மாமா நைட் ஷிஃப்ட் முடிச்சு விடியக்காலம் வந்து படுப்பார். அத்தை காலைல ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புவாங்க. பிள்ளைங்க ஸ்கூல். உங்களுக்குக் கிடைக்கப் போறது ஹால்ல விரிக்கிற சோபா. அதை விரிச்சா நடக்க வழி இருக்காது. அந்த மாதிரிக் குடியிருப்பு எப்படி இருக்கும்னு தெரியணும்னா 2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கின 'தீபன்' படம் பாருங்க. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி நடிச்சது. ஈபிள் டவருக்கு அந்தப் படத்துல வேலையே இல்ல!

ஆனா மாமா "வேணாம்"னு சொல்லவே மாட்டார். அதுதான் சிக்கலே. "வாடா ராஜா, நம்ம வீடு இருக்கும்போது எதுக்கு ஓட்டலு"ன்னு போன்ல சொல்லிடுவார். அம்மாவும் தெரு முழுக்கச் சொல்லிடுவாங்க. அப்புறம்தான் ஒரு பேப்பர் வந்து நடுவுல நிக்கும்.

அதுக்குப் பேர் 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்'. வரவேற்புச் சான்றிதழ்னு வச்சுக்கலாம். மூணு மாசத்துக்கு உட்பட்டு, சொந்தக்காரங்க வீட்டுல தங்கறதாச் சொல்லி விசா கேட்டா இது அவசியம். இதை நீங்க வாங்க முடியாது. மாமாதான் அவர் ஊர் மேரிக்குப் போய் வாங்கணும். மேரின்னா நமக்குத் தெரியாததா? கடற்கரையில 2014 மழையில இடிஞ்சு விழுந்து, பழைய மாதிரியே திரும்பக் கட்டினாங்களே, அதே மேரிதான். கொம்யூனும் அதே கொம்யூன்தான். மண்ணாடிப்பட்டுக்கு ஒரு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி, அங்கே சார்செல்லுக்கு ஒரு மேரி. பிறப்புச் சான்றிதழுக்கு நீங்க எப்படி ஒரு ஜன்னலுக்கும் இன்னொரு ஜன்னலுக்கும் நடக்கறீங்களோ, அதே நடை மாமாவுக்கும்.

அங்கே அவர் என்னென்ன காட்டணும் தெரியுமா? அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் இல்லாட்டி வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வீடு எத்தனை சதுர மீட்டர், அதுல ஏற்கெனவே எத்தனை பேர் இருக்காங்க என்கிற கணக்கு. உங்க செலவுக்குப் பணம் இல்லாமப் போனா நான் பொறுப்புன்னு கையெழுத்தும் போடணும். சந்தேகம் வந்தா வீட்டைப் பார்த்துட்டு வர ஆளையே அனுப்ப மேயருக்கு அதிகாரம் இருக்கு. இத்தனைக்கும் சேர்த்து 30 யூரோ ஸ்டாம்ப். விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்ணினாலும் அந்த 30 யூரோ திரும்ப வராது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நாலு பேர் இருக்கிற ரெண்டு பியேஸ் வீட்டுல அஞ்சாவது ஆளைத் தங்க வைக்க இடமில்லைன்னு அந்த ஆபீஸ் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தா மாமாவுக்கு எப்படி இருக்கும்? அதை அவர் ஊருக்கு போன் போட்டுச் சொல்வாரா? "லெட்டர் வரும், வரும்"னு இழுப்பார். இங்கே "பையனுக்கு ஒரு பேப்பர் அனுப்ப மனசு வரல பாரு"ன்னு பேச்சு கிளம்பும். அடுத்த பொங்கலுக்கு ரெண்டு குடும்பமும் பேசிக்காது. ஒரு சோபாவுக்காக!

அதனால மாமாகிட்ட கேட்கிற விதத்துல கேட்கணும். "மாமா, உங்க வீட்டுல தங்கலாமா?"ன்னு ஆரம்பிச்சா அவருக்கு 'ஆமா' சொல்றதைத் தவிர வேற வழி இல்ல. "மாமா, மேரியில அந்தப் பேப்பர் வாங்கறது உங்களுக்கு லேசா? இல்லாட்டி நான் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன், ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடறேன்"னு கேட்டுப் பாருங்க. வசதி இருந்தா அவரே "நான் பாத்துக்கறேன்"பார். இல்லேன்னா அவர் கௌரவத்தோட நழுவ ஒரு கதவு திறந்திருக்கும். ரெண்டுல எது நடந்தாலும் ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு நிச்சயம்!

விலாசத்துக்கு ஒரு விலை

மாமா வீடு ஓசின்னு நாம நினைக்கிறோம். பிரெஞ்சு அரசாங்கம் அதையும் கணக்குப் போட்டு வச்சிருக்கு. விசா கேட்கும்போது ஒரு நாளைக்கு இவ்வளவு பணம் உங்ககிட்ட இருக்குன்னு பேங்க் ஸ்டேட்மென்ட்ல காட்டணும். அந்தத் தொகை நீங்க எங்க தங்குறீங்க என்பதைப் பொறுத்து மாறும். மேரி பேப்பர் இருந்தா நாளைக்கு 32.50 யூரோ. ஓட்டலோ ஹாஸ்டலோ புக் பண்ணியிருந்தா 65 யூரோ. எங்க தங்கறதுன்னே முடிவு இல்லேன்னா 120 யூரோ.

பத்து நாள் ட்ரிப்னு வச்சுக்குவோம். கணக்கு சுலபமா இருக்க ஒரு யூரோ நூறு ரூபா. மாமா வீடுன்னா 32,500 ரூபா காட்டினா போதும். ஹாஸ்டல்னா 65,000. 'போய்ப் பாத்துக்கலாம்'னா 1,20,000! கரும்பு போட்டு அந்தப் பணம் வர்ற வரைக்கும் காத்திருக்கிற வீட்டுக்கு, இந்த வித்தியாசம் போறதா வேணாமான்னு முடிவு பண்ற வித்தியாசம். இது போக விசா கட்டணம் 90 யூரோ, 2024 ஜூன்ல இருந்து. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்கணும்.

இந்த இடத்துலதான் சில ஏஜென்ட்டுங்க மெதுவா காதைக் கடிப்பாங்க. "தம்பி, ஐநூறு ரூபா கொடு, ஓட்டல் புக்கிங் லெட்டர் அடிச்சுத் தர்றேன். விசா வந்ததும் கேன்சல்." செய்யாதீங்க. அந்த ஓட்டலுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சது கதை. பொய் ஆவணம்னு ஒருதடவை பதிவாகிட்டா, அடுத்தடுத்து நீங்க எந்த ஐரோப்பிய நாட்டுக்கு விண்ணப்பிச்சாலும் அது பின்னாடியே வரும். நிஜமாவே இலவசமா ரத்து பண்ற வசதியோட பல ஹாஸ்டல்கள்ல புக் பண்ணலாம். விசா கிடைக்கலேன்னா ரத்து பண்ணிக்கலாம். கிடைச்சா அங்கேயே போய்த் தங்கலாம். புறப்படறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்க விடறாங்க. கடைசி கெடு 15 நாள். மேரி பேப்பரை நம்பியிருந்தா, அதுக்கு அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்காகும் என்பதையும் சேர்த்து எண்ணுங்க.

காந்தி தங்கின மாதிரி

பாரீஸ்ல சிக்கனமாத் தங்கறது எப்படின்னு முதல்ல எழுதி வச்ச இந்திய மாணவர்கள்ல ஒருத்தர் யார்னு நினைக்கிறீங்க? நம்ம காந்தி! லண்டன்ல சட்டம் படிச்சுட்டு இருந்தப்போ, 1890-ல், உலகக் கண்காட்சி பார்க்க பாரீஸ் போனதா சுயசரிதையில சொல்றார். அங்கே ஒரு சைவ ஓட்டல் இருக்குன்னு எங்கேயோ படிச்சிருக்கார். உடனே அங்கேயே ஒரு ரூம் எடுத்துட்டார். ஏழு நாள். கையில ஒரு பாரீஸ் மேப். பெரும்பாலும் நடைதான். ஆனா மனுஷன் ஈபிள் டவர் மேல போய் ஏழு ஷில்லிங் கொடுத்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கார், அவ்வளவு உயரத்துல சாப்பிட்டேன்னு சொல்லிக்கிற ஆசைக்காக! இருபது வயசுல காந்திக்கே அப்படின்னா நமக்கு என்ன?

தங்கற இடமும் சாப்பாடும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கணும்னு அவர் முடிவு பண்ணினார் பாருங்க, அந்தக் கணக்கு இன்னைக்கும் அப்படியே பொருந்தும். பாரீஸ்ல ஹாஸ்டல்னா நாலு, ஆறு, எட்டுப் பேர் படுக்கிற ரூம்ல உங்களுக்கு ஒரு மாடிக் கட்டில். சீசனைப் பொறுத்து ராத்திரிக்கு 30 யூரோல ஆரம்பிச்சு 50, 60-ன்னு போகும். பார்க்கிறப்போ சமையலறை இருக்கான்னு முதல்ல பாருங்க. ஓட்டல்ல ஒரு வேளை சாப்பிடற காசுல சூப்பர் மார்க்கெட்ல அரிசி, முட்டை, தக்காளி வாங்கி ரெண்டு நாள் ஓட்டலாம். சமையலறை இல்லாத 32 யூரோ கட்டிலைவிட, சமையலறை உள்ள 38 யூரோ கட்டில் மலிவு.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். விளம்பரத்துல போட்டிருக்கிற ரேட்டுக்கு மேல ஆளுக்கு, ராத்திரிக்குன்னு தங்கும் வரி தனியா வாங்குவாங்க. 2024 ஜனவரியில அதை நல்லா ஏத்திட்டாங்க. பெரும்பாலும் ரூம் மதியத்துக்கு மேலதான் கிடைக்கும். காலைல போய் இறங்கினா பெட்டியை மட்டும் வச்சுட்டு வெளியே கிளம்பிட வேண்டியதுதான். லாக்கருக்குப் பூட்டு நம்ம ஊர்லயே வாங்கிட்டுப் போங்க. துண்டுக்குக்கூட வாடகை கேட்கிற இடம் உண்டு. பொண்ணுங்களுக்கு மட்டும்னு தனி ரூம் பல ஹாஸ்டல்கள்ல இருக்கு. வீட்டுல அனுமதி வாங்க அந்த ஒரு வரி ரொம்ப உதவும், தோழிகளே!

காசே இல்லாமத் தங்க முடியுமா? நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி'ன்னு ஒரு புத்தகக் கடை. ஜார்ஜ் விட்மன் என்கிற அமெரிக்கர் 1951-ல் ஆரம்பிச்சார். எழுத ஆசைப்படற இளைஞர்களை அலமாரிகளுக்கு நடுவுலயே படுக்க விட்டார். பதிலுக்கு மூணு நிபந்தனை. கடையில கொஞ்ச நேரம் வேலை செய்யணும், தினம் ஒரு புத்தகம் படிக்கணும், ஒரு பக்கத்துக்குத் தன் வாழ்க்கையை எழுதிக் கொடுத்துட்டுப் போகணும். அப்படித் தங்கினவங்க ஆயிரக்கணக்குல. கேட்க ஜோரா இருக்கு. ஆனா விசா ஆபீசர்கிட்ட 'புத்தகக் கடையில படுத்துப்பேன்'னு சொல்ல முடியாதே!

எண்பத்து நாலு ஏக்கர் ஹாஸ்டல்

மாணவர்களுக்கு நான் சொல்ற முதல் இடம் வேற. பாரீஸுக்குத் தெற்கு ஓரத்துல, 14-வது வட்டாரத்துல இருக்கிற 'சித்தே யூனிவர்சித்தேர்'. முதல் உலகப்போர்ல பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் சுட்டுத் தீர்த்ததைப் பார்த்து நொந்துபோய், பல நாட்டு மாணவர்களை ஒரே வளாகத்துல தங்க வச்சா அடுத்த சண்டையாவது வராதுன்னு நம்பி 1925-ல் திறந்த ஊர் இது. அடுத்த சண்டை வந்தது என்னமோ நிஜம். ஆனா வளாகம் நின்னுடுச்சு. 34 ஹெக்டேர், அதாவது சுமார் 84 ஏக்கர். நாப்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள். ஸ்விஸ் இல்லம் கட்டினது யார் தெரியுமா? சண்டிகர் நகரத்தை வடிவமைச்ச லெ கொர்பூசியே. நம்ம இந்தியாவுக்கும் 1968-ல் இருந்து 'மெஸோன் த லேந்த்' என்கிற இல்லம் அங்கே இருக்கு.

இங்கே மாச வாடகைக்கு இடம் பிடிக்க பெரிய போட்டி. பாரீஸ்ல படிக்கிற, ஆராய்ச்சி பண்ற ஆளா இருக்கணும். ஆனா கோடை விடுமுறையில மாணவர்கள் காலி பண்ணும்போது பல இல்லங்கள் குறுகிய நாட்களுக்கும் ரூம் தருவாங்க. கோர்ஸ், கான்ஃபரன்ஸ், இன்டர்ன்ஷிப்னு ஒரு கடிதம் கையில இருந்தா உங்க பேச்சுக்கு மரியாதை. ஒரே ஒரு இல்லத்துக்கு எழுதிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. இந்திய இல்லத்துல இடம் இல்லேன்னா பக்கத்து நாட்டு இல்லத்துக்கும் எழுதுங்க. உங்களைக் கூப்பிட்ட பல்கலைக்கழகத்துக்கே ஒரு மெயில் தட்டுங்க. 'எங்க தங்கறதுன்னு வழி சொல்லுங்க'ன்னு கேட்க வெட்கப்பட வேண்டியதில்ல. அங்கே வர்ற வெளிநாட்டு மாணவர் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. விமான நிலையத்துல இருந்து ரயில் மாறாமலேயே அந்த வளாக வாசல்ல போய் இறங்கலாம். பி லைன்.

மாச வாடகை ரூம்னு தேடினா, 'ஆறாவது மாடி, சான்ஸ் அசான்சர்' என்கிற விளம்பரம் கண்ணுல படும். ஏதோ சான்ஸ்னு நினைச்சு சந்தோஷப்படாதீங்க. லிஃப்ட் கிடையாதுன்னு அர்த்தம்! 19-ம் நூற்றாண்டுல கட்டின அந்த அழகான கட்டடங்கள்ல உச்சி மாடி முழுக்க அந்தக் காலத்து வேலைக்காரப் பெண்களுக்கான பொந்து ரூம்கள். இன்னைக்கு அதுல மாணவர்கள். சட்டப்படி வாடகைக்கு விட குறைஞ்சது 9 சதுர மீட்டர் வேணும், கூரை 2.20 மீட்டர் உயரம் இருக்கணும். 9 சதுர மீட்டர்னா 97 சதுர அடி. நம்ம பத்துக்குப் பத்து ரூமைவிட மூணு சதுர அடி கம்மி. 'சூர் ல பாலியே'ன்னு ஒரு வார்த்தையும் விளம்பரத்துல இருந்தா, டாய்லெட் வெளியே நடையிலன்னு புரிஞ்சுக்கணும்.

இதுலதான் ஏமாத்து வேலையும் ஜாஸ்தி. போட்டோல ஜன்னலுக்கு வெளியே ஈபிள் டவர், வாடகை பாதி. ஓனர் 'நான் இப்போ வெளியூர்ல இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்பறேன்'பார். அனுப்பினா சாவியும் வராது, காசும் வராது. ரூமை நீங்களோ உங்க ஆளோ நேர்ல பார்க்காம ஒரு யூரோவும் அனுப்பாதீங்க. இங்கேதான் மாமா உண்மையில உபயோகப்படுவார்! ஒரு சாயங்காலம் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துட்டு வர்றது அவருக்கும் லேசு, மேரிக்கும் போக வேண்டாம். டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடற வீடுன்னா விளம்பரத்துல 13 இலக்கப் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. தான் குடியிருக்கிற வீட்டை வருஷத்துல 90 நாளுக்கு மேல அப்படி விடக்கூடாதுன்னு பாரீஸ்ல 2025-ல் இருந்து கட்டுப்பாடு. முன்னாடி 120 நாள் இருந்தது.

தமிழ்ல எழுதின சீட்டு

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி நடந்தா லா ஷப்பேல். ஃபோபூர் சேன் தெனி தெருவுல தமிழ் போர்டு, தமிழ்ப் பாட்டு, கொத்து ரொட்டி சத்தம், முருங்கைக்காய், நகைக்கடை. 1983-க்குப் பிறகு ஈழத்துல இருந்து உயிரைக் கையில பிடிச்சுட்டு வந்தவங்க, ஒரு ரூம்ல எட்டுப் பேர் பத்துப் பேர்னு முறை வச்சுப் படுத்து எழுப்பின வட்டாரம் இது. 1985-ல் தொடங்கின மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆகஸ்ட் கடைசியில இந்தத் தெருக்கள்ல வரும்போது பார்த்தா நம்ம ஊர் மாதிரியே தேங்காய் மலை மலையா உடையும்.

மளிகைக் கடையில சாமான் வாங்கிட்டே விசாரிச்சா "ஒரு படுக்கை இருக்கு"ன்னு யாராவது சொல்வாங்க. விலை ஹாஸ்டலைவிடக் குறைவாவே இருக்கும். நல்ல மனுஷங்களும் கிடைப்பாங்க. ஆனா அங்கே ரசீது இருக்காது, ஒப்பந்தம் இருக்காது, விசாவுக்கு அந்த விலாசத்தைக் காட்ட முடியாது. நாளைக்கே "தம்பி, எங்க சித்தப்பா வர்றார்"னு சொன்னா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பணும். அதனால லா ஷப்பேலுக்குச் சாப்பிடப் போங்க, ஊர்க்கதை பேசப் போங்க. படுக்கைக்கு அதை நம்பிக் கிளம்பாதீங்க. இதே வட்டாரத்துல ஹாஸ்டல்களும் இருக்கு. பழைய ரயில்வே கூடமான பஜோல்ல 2013-ல் கூரை முழுக்க சூரிய மின்தகடு போட்டு ஒரு இளைஞர் விடுதியே திறந்தாங்க. ஸ்டேஷனைச் சுத்தி ராத்திரில பாக்கெட் மட்டும் பத்திரம்.

வளையத்துக்கு வெளியே

ஆரம்பத்துல சொன்ன அந்த வட்டச் சாலைக்கு வருவோம். பாரீஸ் போய் வந்த பெரியவங்க எல்லாரும் "உள்ளேயே ரூம் எடு, வெளியே எடுத்தா ரயிலுக்கே காசு அழியும்"னு சொல்வாங்க. அவங்க காலத்துக்கு அது நூத்துக்கு நூறு சரி. தூரத்துக்கு ஏத்த மாதிரி டிக்கெட் விலை ஏறும். ஆனா 2025 ஜனவரியில அதை மாத்திட்டாங்க. மெட்ரோ, புறநகர் ரயில் எதுல போனாலும் அந்த மாகாணம் முழுக்க ஒரே டிக்கெட் விலை, அந்த வருஷம் 2.50 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனி, 2025-ல் 13 யூரோ. 14-வது மெட்ரோ லைனையும் 2024 ஒலிம்பிக்ஸுக்காக வடக்கே சேன் தெனி வரைக்கும், தெற்கே ஓர்லி விமான நிலையம் வரைக்கும் நீட்டிட்டாங்க.

ஆக, வளையத்துக்கு வெளியே ரூம் விலை குறைவு, டிக்கெட் விலை அதேதான். அப்போ வெளியேதானேன்னு குதிக்காதீங்க. நேரத்தையும் எண்ணுங்க. ஸ்டேஷன்ல இருந்து ஓட்டல் நடக்கிற தூரமா, இல்ல இன்னொரு பஸ்ஸா? ராத்திரி ஒரு மணி சுமாருக்கு ரயில் நின்னுடும். ஸ்ட்ரைக்னா காலைலயே நிக்கும். மேப்ல மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடைக்குள்ள இருந்தா வெளியே எடுங்க. இல்லேன்னா வேண்டாம். இது என் கட்சி.

வாரப் பாஸ் ஒண்ணு இருக்கு, 'நவிகோ'. 2025-ல் 31.60 யூரோ. விமான நிலைய ரயிலும் அதுல அடக்கம். ஆனா அது வாங்கின நாள்ல இருந்து ஏழு நாள் இல்ல... திங்கள்ல ஆரம்பிச்சு ஞாயிறோட முடியும். வெள்ளிக்கிழமை போய் இறங்கினா அந்த வாரத்துக்கு வாங்கவே முடியாது. டிக்கெட் போடும்போதே திங்களோ செவ்வாயோ இறங்கற மாதிரிப் பாருங்க. வார நடுவுல ரூமும் சல்லிசாக் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. பாரீஸ்ல பெரும்பாலான வீட்டு வாசல்ல காலிங் பெல் இருக்காது, வாட்ச்மேனும் இருக்க மாட்டார். ஒரு நம்பர் பலகைதான். 'டிஜிகோட்'. சரியான கோடு அழுத்தினாத்தான் தெருக்கதவு திறக்கும். மாமா வீடோ, நாள் வாடகை ரூமோ, கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கோடு, எத்தனாவது மாடி, இடது கதவா வலது கதவா, எல்லாத்தையும் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சுக்கோங்க. போன்ல மட்டும் வச்சிருந்தீங்கன்னா, போய் இறங்கின ராத்திரி உங்க சிம்முக்கு சிக்னல் இருக்காது, சார்ஜும் ரெண்டு சதவீதம்தான் இருக்கும்.